லெவல் 3-இலிருந்து பட்டப் படிப்புக்கு: இங்கிலாந்து நர்சரி ஊழியர்கள் தடுக்கி விழும் இடங்கள் – ஒரு நிகழ்வு ஆய்வு

இங்கிலாந்தில் ஒரு நர்சரியில் பத்து வருடம் வேலை பார்த்தவருக்குக் குழந்தைகளைப் பற்றித் தெரியாதது குறைவு. பசிக்கு அழும் அழுகையையும் தூக்கத்துக்கு அழும் அழுகையையும் அடுத்த அறையிலிருந்தே பிரித்துச் சொல்வார். அவரே அடிப்படைப் பட்டத்தில், அதாவது ஃபவுண்டேஷன் டிகிரியில் சேர்ந்து முதல் 2,000 சொல் கட்டுரையைக் கொடுத்ததும் மதிப்பெண் 38 என்று வரும். தேர்ச்சிக்கு 40 வேண்டும். ஓரத்தில் "விவரிப்பு மட்டுமே இருக்கிறது, பகுப்பாய்வு இல்லை" என்று ஒரு வரி. அந்த வரிக்கு என்ன அர்த்தம் என்று யாரும் அவருக்கு விளக்கியிருக்க மாட்டார்கள்.

இந்த ஆய்வு அந்த இடைவெளியைப் பற்றியது. லெவல் 3 (பள்ளி இறுதித் தேர்வு அளவிலான) சான்றிதழோடு வேலை பார்க்கும் ஒருவரை, பட்டப் படிப்பின் முதல் வருட நிலையான லெவல் 4 தொடங்கும் நாளுக்கு முன்பே எப்படித் தயார்ப்படுத்துவது, எங்கே சறுக்கும், ஏன் சறுக்கும் என்பதே கேள்வி. பெயர்ப் பலகைகளை மாற்றுவதில் இருபது வருடம் காட்டிய அக்கறையை அரசாங்கம் இந்தத் தயாரிப்பில் காட்டவில்லை என்பது எங்கள் கருத்து.

பாதை வந்த வழி

ஃபவுண்டேஷன் டிகிரி 2001-இல் தொடங்கியது. ஆரம்பக் குழந்தைப் பருவத் துறை அதை முதலிலேயே எடுத்துக்கொண்ட துறைகளில் ஒன்று. முடித்தவருக்கு 'சீனியர் பிராக்டிஷனர்' என்று பெயர். அடுத்து, பள்ளிக்கு முந்தைய கல்வியின் பலனை அளக்க 1997-இல் தொடங்கிய ஈ.பி.பி.ஈ. ஆய்வின் முடிவுகள் வந்தன. 141 நிலையங்கள், ஏறத்தாழ 3,000 குழந்தைகள். ஊழியர்களின் தகுதி, குறிப்பாகப் பயிற்சி பெற்ற ஆசிரியர் ஒருவர் அங்கே இருப்பது, நிலையத்தின் தரத்தோடு சேர்ந்து போகிறது என்று அந்த ஆய்வு காட்டியது. அதன் பிறகு 2007 முதல் 'ஏர்லி இயர்ஸ் புரொஃபெஷனல்' என்ற நிலையை வழங்கினார்கள். 2015-க்குள் முழுநாள் நர்சரி ஒவ்வொன்றிலும் ஒரு பட்டதாரி என்பது இலக்கு. 2012-இல் இந்தத் துறையின் தகுதிகளை அரசுக்காக ஆராய்ந்த பேராசிரியர் கேத்தி நட்பிரவுன் தம் அறிக்கையில் 19 பரிந்துரைகள் கொடுத்தார், பிறப்பு முதல் ஏழு வயதுவரை கற்பிக்கத் தகுதிபெற்ற ஆசிரியர் நிலையையே (க்யூ.டி.எஸ்.) ஒரு தனிப் பிரிவாகக் கொடுங்கள் என்பது அதில் முக்கியமானது. அரசு அதை ஏற்காமல் 2013 செப்டம்பரில் 'ஏர்லி இயர்ஸ் டீச்சர் ஸ்டேட்டஸ்' (ஈ.ஒய்.டி.எஸ்.) என்று இன்னொரு பெயரைக் கொண்டுவந்தது. அதில் க்யூ.டி.எஸ். கிடையாது.

இதைக் கடைசியில் சொல்லிக்கொள்ளலாம் என்று பல கல்லூரிகள் விட்டுவிடுகின்றன. முதல் நாளே சொல்லவேண்டிய விஷயம் இது. ஈ.ஒய்.டி.எஸ். வைத்திருப்பவர் தனியார் நர்சரியில் 3 வயதுக் குழந்தைகளின் அறையில் நேரடியாக வேலை பார்த்தால், 8 குழந்தைக்கு ஒருவர் என்ற விகிதம் 13-க்கு ஒருவர் என்று மாறலாம். ஆனால் உள்ளாட்சி நடத்தும் பள்ளியின் நர்சரி வகுப்பையோ ரிசப்ஷன் வகுப்பையோ (4–5 வயதுக் குழந்தைகளின் முதல் பள்ளி வருடம்) அவர் பொறுப்பேற்று நடத்த முடியாது, அதற்கு க்யூ.டி.எஸ். வேண்டும். பள்ளிச் சம்பளத்தை மனதில் வைத்துப் படிக்க வந்தவர் நான்கு வருடம் கழித்து இதைக் கேட்டு உறைந்துபோவது இந்தத் துறையில் அடிக்கடி நடப்பது.

சான்றிதழ்க் கோப்பு

தயாரிப்பின் முதல் வேலை ஒரு கோப்பைத் திறந்து, அந்த மனிதர் போகவேண்டிய கடைசி இடத்திலிருந்து பின்னோக்கி எண்ணுவது.

ஈ.ஒய்.டி.எஸ். பயிற்சிக்கு ஒரு பட்டமும், 16 வயதில் எழுதும் பள்ளித் தேர்வான ஜி.சி.எஸ்.இ.-யில் ஆங்கிலம், கணிதம், அறிவியல் மூன்றிலும் கிரேடு 4-ம் (பழைய கணக்கில் சி) அல்லது அதற்கு இணையான தரமும் வேண்டும். லெவல் 3-க்கு இந்த மூன்றும் தேவைப்படவில்லை. அங்கே விதி பலமுறை மாறியது. 2014 செப்டம்பரில் லெவல் 3 ஊழியர் விகிதக் கணக்கில் சேர ஆங்கிலமும் கணிதமும் ஜி.சி.எஸ்.இ.-யிலேயே இருக்கவேண்டும் என்றார்கள். ஆள் கிடைக்காமல் போனதும், 2017 ஏப்ரலில் ஃபங்ஷனல் ஸ்கில்ஸ் (அன்றாடப் பயன்பாட்டு ஆங்கிலம், கணிதத் தேர்வு) போதும் என்றார்கள். 2024 ஜனவரியிலிருந்து கணிதம் மேலாளருக்கு மட்டும் இருந்தால் போதும் என்றாகிவிட்டது. நர்சரிகளுக்கு இது பெரிய நிம்மதிதான். ஆனால் கணிதத்தைத் தொடாமலேயே ஒருவர் லெவல் 3, லெவல் 5 வரை வந்துவிடலாம். சுவர் அவரைக் கடைசியில்தான் சந்திக்கிறது.

ஃபங்ஷனல் ஸ்கில்ஸ் லெவல் 2-ஐ ஃபவுண்டேஷன் டிகிரி சேர்க்கையில் பெரும்பாலும் ஏற்பார்கள். ஆசிரியர் பயிற்சி நிறுவனங்களில் பல ஏற்பதில்லை. ஆகவே இரண்டையும் சமமென்று நினைத்து நிம்மதியாக இருக்கக் கூடாது. 19 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குக் கிரேடு 4 இல்லையென்றால் ஆங்கிலம், கணிதம் இரண்டும் இலவசம். அறிவியலுக்கு அந்தச் சலுகை இல்லை. தனித் தேர்வராகப் பணம் கட்டி எழுதவேண்டும். தனித் தேர்வருக்கு மூன்று அறிவியலும் சேர்ந்த கம்பைண்ட் சயின்ஸ் எடுப்பது புத்திசாலித்தனம் அல்ல. ஏ.க்யூ.ஏ. வாரியத்தில் அது ஆறு தாள். பயாலஜி மட்டும் எடுத்தால் 1 மணி 45 நிமிடத் தாள்கள் இரண்டோடு முடிந்தது. ஒரே அறிவியல் பாடம் போதுமா என்று சேரப்போகும் நிறுவனத்திடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலைக் கோப்பில் வைத்துக்கொள்ளவேண்டும். சில நிறுவனங்கள் ஜி.சி.எஸ்.இ.-க்குப் பதில் சமநிலைத் தேர்வையும் ஏற்கின்றன. ஆனால் ஒரு நிறுவனம் ஏற்ற தேர்வை இன்னொன்று மறுக்கலாம்.

நாள்காட்டியும் ஏமாற்றும். ஆங்கிலத்துக்கும் கணிதத்துக்கும் நவம்பரில் மறுதேர்வு உண்டு. அறிவியல் மே–ஜூனில் மட்டும். பட்டத்தின் கடைசி வருடத்தில்தான் பயாலஜி எழுதுகிறார் என்றால் முடிவு ஆகஸ்டில் வரும், பயிற்சி செப்டம்பரில் தொடங்கும். தவறினால் ஒரு வருடம் போச்சு. அதனால் அறிவியலை லெவல் 4 தொடங்குவதற்கு முந்தைய கோடையிலோ, முதல் வருடக் கோடையிலோ முடித்துவிடச் சொல்கிறோம். லெவல் 5-இல் ஆய்வுப் பணி வந்து உட்கார்ந்துகொள்ளும். அப்போது ஒளிச்சேர்க்கையைப் படிக்க யாருக்கும் நேரம் இருக்காது.

இலங்கையிலோ தமிழ்நாட்டிலோ பள்ளி முடித்து வந்து லண்டன் நர்சரிகளில் சேர்ந்தவர்களுக்கு இன்னொரு வேலை கூடுதலாக இருக்கிறது. வெளிநாட்டுச் சான்றிதழ்களை மதிப்பிடும் யூ.கே. ஈனிக் அமைப்பிடம் ஒப்பீட்டு அறிக்கை வாங்கவேண்டும். கணிதம், அறிவியலுக்கு அது உதவும். ஆங்கிலத்துக்குத் தனிச் சான்று கேட்கும் இடங்கள் அதிகம். சான்றிதழில் உள்ள பெயரும் பாஸ்போர்ட் பெயரும், தந்தை பெயர் முன்னே பின்னே மாறி, பொருந்தாமல் போவது நம்மவர்களிடம் சகஜம். அதற்கான உறுதிமொழிப் பத்திரத்தை விண்ணப்பத்துக்கு முன்பே தயார் செய்துகொள்வது நல்லது.

லெவல் 3 இல்லாமல், நீண்ட அனுபவம் மட்டும் உள்ளவர்களுக்கு, உயர்கல்விக்குத் தயார் செய்யும் அக்சஸ் டிப்ளமோ ஒரு வழி. மொத்தம் 60 கிரெடிட். அதில் 45 லெவல் 3-இல் தர மதிப்பீட்டோடு இருக்கும். அதற்கு வாங்கும் கடன், பிறகு தகுதியான உயர்கல்விப் படிப்பை முடித்தால் தள்ளுபடியாகிவிடும். பலருக்கு இது தெரியாமலே பணம் சேரட்டும் என்று இரண்டு வருடம் காத்திருக்கிறார்கள்.

மணிக்கணக்கு

ஒரு கிரெடிட் என்பது 10 மணி நேரப் படிப்பு. ஃபவுண்டேஷன் டிகிரி 240 கிரெடிட், அதை பி.ஏ. ஹானர்ஸ் ஆக்க மேலும் 120. வருடத்துக்கு 120 கிரெடிட் என்றால் 1,200 மணி நேரம். 52 வாரத்துக்குப் பிரித்தால் வாரம் 23 மணி. இதில் ஒரு பகுதி வேலையிடத்திலேயே நடக்கும் கற்றலாகக் கணக்கில் வரும், ஆனால் எழுதுவதும் வாசிப்பதும் வீட்டில்தான். வருடத்துக்கு 80 கிரெடிட் என்று மூன்று வருடத்தில் முடித்தால் வாரம் ஏறத்தாழ 15 மணி. நாற்பது மணி நேர வேலையும் சின்னப் பிள்ளைகளும் உள்ளவருக்கு இரண்டாவது கணக்கே தாங்கும். இந்த எண்களை விண்ணப்பத்துக்கு முன்பே வீட்டில் உட்கார்ந்து, வீட்டுக்காரரையும் வைத்துக்கொண்டு பேசவேண்டும்.

நர்சரியில் வழக்கமான ஏற்பாடு, பத்து மணி நேர நாள் நான்கு, ஐந்தாம் நாள் கல்லூரிக்கு. காகிதத்தில் சரியாக இருக்கும். நடைமுறையில் அந்த ஐந்தாம் நாள் முதலில் பலியாகும். காரணம் விகிதம். இரண்டு வயதுக்குக் கீழ் 3 குழந்தைக்கு ஒருவர். 9 குழந்தைகள் உள்ள பேபி ரூமில் மூன்று பேர் இருந்தே ஆகவேண்டும். ஒருவர் காய்ச்சல் என்று காலை 7 மணிக்குப் போன் செய்தால், விடுமுறையில் இருக்கும் கல்லூரி மாணவியைத்தான் மேலாளர் கூப்பிடுவார். மேலாளர் கெட்டவர் என்று இல்லை. அவருக்கும் வேறு வழி இல்லை. ஆகவே "ஆதரவு தருகிறோம்" என்ற பொதுவான கடிதத்துக்கு மதிப்பில்லை. கல்லூரி நாள் எது, அன்று ஆள் குறைந்தால் யாரை அழைப்பது, ஒரு பருவத்தில் அதிகபட்சம் எத்தனை முறை கல்லூரி நாளைக் கேட்கலாம், இவையெல்லாம் பெயரோடும் எண்ணோடும் எழுத்தில் இருக்கவேண்டும்.

அதே கடிதத்தில் மென்டர், அதாவது வேலையிட வழிகாட்டி யார் என்பதும் வரவேண்டும். சிறிய நர்சரியில் மேலாளரே மென்டர், அவரே சம்பள மதிப்பீடும் செய்பவர். மாணவியோ தன் அறையின் நடைமுறையை விமர்சித்து எழுதினால்தான் மதிப்பெண். இந்த இரண்டும் மோதும். தன் அறையில் தூக்க நேரம் குழந்தைக்காக இல்லாமல் ஊழியரின் சாப்பாட்டு நேரத்துக்காக வைக்கப்பட்டிருக்கிறது என்று ஒருவர் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை மேலாளர் படித்தால் என்ன ஆகும்? கட்டுரைகள் வேலை மதிப்பீட்டில் பயன்படுத்தப்படாது என்று ஒரு வரி இருந்தால் நேர்மையாக எழுத முடியும். அந்த வரி இல்லாத இடங்களில் கட்டுரைகள் எல்லாம் நர்சரியின் விளம்பரப் பிரசுரம் போலவே வருகின்றன.

எழுத்து

தயாரிப்பு வகுப்புகளில் அதிக நேரம் போகவேண்டியது இதற்கு. எழுத்துப்பிழை, இலக்கணம் பெரிய தடை அல்ல. நர்சரி எழுத்து ஒரு பழக்கத்தை ஊட்டிவிடுகிறது: சுருக்கமாக எழுது, நல்லதாக எழுது, பெற்றோர் படித்துச் சந்தோஷப்படும்படி எழுது, ஈ.ஒய்.எஃப்.எஸ். என்ற அரசுப் பாடத்திட்டத்தின் பகுதிகளில் ஒன்றை ஒட்டிவிடு. டேப்பஸ்ட்ரி போன்ற செயலியில் ஒரு நாளில் பல பதிவுகள் போடவேண்டியிருந்தால் வேறெப்படி எழுதுவது? பல்கலைக்கழகம் இதற்கு நேர் எதிரானதைக் கேட்கிறது.

ஒரு மாதிரிக் குறிப்பை எடுத்துக்கொள்வோம். முதலில் நர்சரி வழக்கப்படி:

"கட்டைகளைப் பையில் போட்டு விளையாடினான். நன்றாக ரசித்தான். உடல் வளர்ச்சி, கணிதம்."

இதில் பார்த்தது ஒரு வரி. 'ரசித்தான்' என்பது எழுதியவரின் தீர்ப்பு. எதைப் பார்த்து அந்த முடிவுக்கு வந்தார் என்பது இல்லை. கடைசி இரண்டும் ஒட்டுச்சீட்டு. அதே நிகழ்வை இரண்டாம் முறை இப்படி எழுதச் சொல்லவேண்டும்:

"குழந்தை அ, 2 வயது 4 மாதம். 9.40 முதல் 9.48. கட்டைப் பகுதியில் அவனோடு மூன்று குழந்தைகள். துணிப்பையில் ஆறு மரக்கட்டைகளை ஒவ்வொன்றாகப் போட்டான். பையைத் தூக்கிக்கொண்டு ஜன்னல் ஓரம் போய்க் கொட்டினான். கட்டைகளை அள்ளிக்கொண்டு திரும்பி வந்து மறுபடி நிரப்பினான். நான்கு முறை. இரண்டாம் முறை வேறொரு குழந்தை பையைப் பிடித்தபோது 'என் கடை' என்றான். பெரியவர் யாரும் பேசவில்லை."

இப்போது கையில் சரக்கு இருக்கிறது. மூன்றாம் படி, இதற்குக் குறைந்தது இரண்டு விளக்கம் கொடுப்பது. கிறிஸ் ஏத்தி விளக்கிய ஸ்கீமா கருத்தின்படி (குழந்தை திரும்பத் திரும்பச் செய்யும் ஒரே மாதிரியான செயல்) இது பொருள்களை இடம் மாற்றிக்கொண்டே இருக்கும் ஒரு செயல்முறை. 'என் கடை' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டால் இது பாவனை விளையாட்டு. பாவனை விளையாட்டைப் பற்றி எழுதிய உளவியலாளர் வைகாட்ஸ்கி பக்கம் போகலாம். மூன்றாவதாக ஒன்றும் உண்டு: நெரிசலான இடத்தை விட்டு விலகி, காலையில் அம்மா கையசைத்துப் போன ஜன்னலுக்குப் போகிறான்; அன்று அவனுடைய கீ பர்சன் (அவனுக்கென்று பொறுப்பான ஊழியர்) விடுப்பு. எது சரி? அதைத் தீர்க்க அடுத்து எதைப் பார்க்கவேண்டும்? பைக்குப் பதில் தள்ளுவண்டி கொடுத்தாலும் பொருள்களைச் சுமந்து வேறு வேறு இடங்களுக்குப் போனால் முதல் விளக்கம் வலுக்கும். வெறுங்கையோடும் ஜன்னலுக்கே போனால் மூன்றாவது. ஆசிரியர்கள் 'பகுப்பாய்வு' என்று ஓரத்தில் எழுதுவது இந்த வேலையைத்தான். நல்ல ஊழியர் இதைத் தினமும் மனதில் செய்கிறார். காகிதத்தில் செய்து பழகவில்லை, அவ்வளவுதான்.

வாரம் ஒன்று என்று இப்படி ஆறு வாரம், ஒவ்வொன்றும் 250 சொல். ஆறாவது வாரத்தில் முதல் வாரத்துக் குறிப்பைத் திருப்பிக் கொடுத்து மறுபடி எழுதச் சொன்னால் அவர்களே வித்தியாசத்தைப் பார்த்துக்கொள்வார்கள். மொத்தத் தயாரிப்புக்கு 12 வாரம் போதும், செப்டம்பரில் சேர்க்கை என்றால் மே கடைசியிலாவது தொடங்கவேண்டும். முதல் இரண்டு வாரம் கோப்புக்கும், உதவி எதுவும் இல்லாமல் எழுதும் 300 சொல் சோதனைக்கும். மீதி வாரங்கள் வாசிப்புக்கும், 1,000 சொல்லில் ஒரே ஒரு முழுக் கட்டுரைக்கும். அந்தக் கட்டுரையைத் திருத்தி மறுபடி எழுதக் கடைசி வாரம் முழுவதையும் ஒதுக்கவேண்டும். திருத்தி எழுதும் பழக்கம் இல்லாமல் உள்ளே போனால், ஆசிரியரின் குறிப்பைப் படித்துவிட்டு வருத்தப்படுவதோடு நின்றுவிடுகிறார்கள். கல்லூரிகள் நடத்தும் ஒருநாள் 'ஸ்டடி ஸ்கில்ஸ்' பட்டறையால் இதைச் செய்ய முடியாது. அதில் நூலக அட்டை கிடைக்கும், தேநீர் கிடைக்கும்.

எதைப் படிக்கக் கொடுப்பது

பியாஜே போன்ற குழந்தை வளர்ச்சிக் கோட்பாட்டாளர்களில் தொடங்கவேண்டாம். பியாஜேயில் தொடங்கியவர்கள் "பியாஜே சொன்னார், வைகாட்ஸ்கி சொன்னார், புரூனர் சொன்னார்" என்று பட்டியல் எழுதப் பழகிவிடுகிறார்கள், பிறகு அதை மறக்கடிக்க ஒரு வருடம் ஆகிறது. தங்களைப் பற்றியே எழுதப்பட்ட ஆய்வை முதலில் கொடுப்பது நல்லது. நர்சரிகள் பட்டதாரியை அமர்த்தப் பணம் கொடுத்த கிராஜுவேட் லீடர் ஃபண்ட் திட்டத்தின் 2011 மதிப்பீடு இதற்குப் பொருத்தம். பட்டதாரி ஒருவரைப் பெற்ற நர்சரிகளில் 30 மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைகளின் அறைகளில் தரம் உயர்ந்தது. அதற்குக் கீழ் உள்ளவர்களின் அறைகளில் அந்த உயர்வுக்குச் சான்று மிகக் குறைவு என்றது அது. ஏன் என்று கேட்டுவிட்டு ஆசிரியர் வாயை மூடிக்கொள்ளவேண்டும். பட்டதாரி பேபி ரூமில் உண்மையில் எத்தனை மணி நேரம் இருக்கிறார்? தரத்தை அளக்கப் பயன்படுத்திய அளவுகோல் கைக்குழந்தைக்குப் பொருந்துமா? அறையில் உள்ளவர்களே இந்தக் கேள்விகளை எழுப்புவார்கள். ஆய்வை எதிர்த்துக் கேட்கலாம் என்ற தைரியம் அன்று வந்துவிடும்.

வாசிப்பு முறையும் கற்றுக்கொடுக்கவேண்டியதே. முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை அகராதியோடு உட்கார்ந்தால் ஒரு கட்டுரைக்கு நான்கு இரவு போகும். முதலில் சுருக்கம், அடுத்து முடிவுரை, பிறகு எத்தனை பேரை எப்படி ஆராய்ந்தார்கள் என்ற பகுதி. நாற்பது நிமிடத்தில் ஒரு பக்கக் குறிப்பு. புள்ளியியல் அட்டவணை புரியவில்லையென்றால் இப்போதைக்குத் தாண்டலாம். குறிப்பெடுக்கும்போதே ஆசிரியர் பெயர், ஆண்டு, பக்க எண்ணை எழுதாமல் விட்டால், சமர்ப்பிக்கும் நாள் இரவு பதினொரு மணிக்கு அதைத் தேடவேண்டிவரும்.

பிறர் எழுத்தோடு ஒத்துப்போவதைக் கண்டுபிடிக்கும் டர்னிட்டின் மென்பொருள் பற்றி முன்பே பேசிவிடவேண்டும். நர்சரி ஊழியர்கள் மாட்டிக்கொள்வது வேண்டுமென்று திருடி அல்ல. வேலையில் ஒரு கொள்கை ஆவணத்தை எடுத்துப் பெயரை மாற்றிப் பயன்படுத்துவது சாதாரணம். அதே கையோடு நர்சரியின் பாதுகாப்புக் கொள்கையைக் கட்டுரையில் ஒட்டிவிடுகிறார்கள். அதே ஆவணம் நாட்டில் நூறு நர்சரிகளில் இருப்பதால் மென்பொருள் அதைச் சிவப்பில் காட்டும்.

இதைவிடக் கடுமையான தவறு, குழந்தையின் உண்மையான பெயர். பெயரை மாற்றிவிட்டு, பின்னிணைப்பில் செயலியின் திரைப்பிடிப்பைச் சேர்க்கும்போது மூலையில் பெயரும் முகமும் இருப்பதைக் கவனிக்க மாட்டார்கள். பல படிப்புகளில் ரகசியம் மீறினால் அந்தக் கட்டுரை அப்படியே தோல்வி. பெற்றோர் செயலிக்குக் கொடுத்த சம்மதம் பல்கலைக்கழகத்துக்குச் செல்லாது. அவர் எந்த நோக்கத்துக்காகக் கையெழுத்திட்டாரோ அதற்கு மட்டும்தான். தனிச் சம்மதப் படிவம், அதில் எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்ற வாசகம், நர்சரி மேலாளரின் அனுமதி, இவை மூன்றும் முதல் கண்காணிப்புக்கு முன்பே கையில் இருக்கவேண்டும். கண்காணிக்கும்போது குழந்தை முதுகைத் திருப்பிக்கொண்டால் அதையும் மறுப்பாக எடுத்துக்கொண்டு குறிப்பேட்டை மூடிவிடப் பழக்குவது நல்ல ஆசிரியரின் அடையாளம்.

பாதியில் நின்றால்

நிற்பவர்கள் இருப்பார்கள்: பிரசவம், விசா, நர்சரி மூடிப்போவது. பட்டம் முடித்தாலும் தனியார் நர்சரியில் சம்பளம் கொஞ்சம்தான் கூடும் என்று பாதி வழியில் கணக்குப் போட்டு நிறுத்துபவர்களும் உண்டு. அந்தக் கணக்கைத் தப்பு என்று சொல்ல முடியாது. நிறுத்துவதென்றால் வகுப்புக்குப் போகாமல் சும்மா இருந்துவிடக் கூடாது. அப்படி இருந்தால் கட்டணம் ஓடிக்கொண்டிருக்கும், கொடுக்காத கட்டுரைகள் பூஜ்யமாகப் பதிவாகும். இடைநிறுத்தம் கேட்டு எழுதவேண்டும்; பருவத்தின் எந்த வாரத்துக்கு முன் எழுதினால் அந்தப் பருவத்துக் கட்டணம் விழாது என்பதைச் சேரும்போதே குறித்து வைத்துக்கொள்ளவேண்டும். லெவல் 4-இன் 120 கிரெடிட்டை முடித்தவருக்கு உயர்கல்விச் சான்றிதழ் என்ற தனித் தகுதி உண்டு. பல பல்கலைக்கழகங்களில் விலகும்போது கேட்டால்தான் கொடுப்பார்கள். அதோடு ஒவ்வொரு பாடத்தின் கிரெடிட்டும் லெவலும் போட்ட டிரான்ஸ்கிரிப்ட்டையும் பாடத்திட்டக் கையேட்டையும் வாங்கி வைக்கவேண்டும். பின்னாளில் வேறு பல்கலைக்கழகத்தில் தொடரும்போது கிரெடிட் எவ்வளவு பழையது என்று கேட்பார்கள், ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு வருட வரம்பு. கையேடு இல்லையென்றால் பாடம் ஒத்துப்போகிறது என்பதை நிரூபிக்க வழி இருக்காது.